பிறர் நமக்கு இட்ட பெயர்கள்

இவ்வாண்டு ஆனி மழையில் நனைந்தவாறே, நம் காலனியில் எம் எதிர்வீட்டுப் பையன் ஒருநாள் மாலை பள்ளியினின்றும் வந்தான். வந்தவன் தன் வீட்டிற்குள் செல்லாமல் எம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தான். ஆறாம் வகுப்பு மாணவன். சட்டைப் பித்தான் இரண்டு அறுந்திருந்தன. சிறிது நேரம் வாளா இருந்து பின், "மாமா, பாண்டி என்பது வசவா?" என்று வினவினான். உடன் பயில்வோன் ஒருவன் அவனைப் 'பாண்டி' என்று கூவியிருக்கின்றான். இவன் "நான் பாண்டி இல்லை, நான் பாண்டி இல்லை" என்று சொல்லச் சொல்ல மற்றவர்களும் சேர்ந்து கூவ, முடிவு கைகலப்பு. அவனுக்கு விடையிறுக்க எமக்கு நா எழவில்லை.

அன்றிரவு அவன் தந்தையார் வந்தார். ஏலத்தோட்டத்தில் கங்காணி வேலை பார்ப்பவர், முன்னோர் உத்தமபாளையத்தார், பிறந்ததும் வளர்ந்ததும் குமுளி. கையில் ஒரு படிவம் இருந்தது. "அண்ணே, பள்ளிக்கூடப் பதிவிலே தாய்மொழி என்கிற இடத்தில் மலையாளம் என்று மாற்றி எழுதிக் கொடுத்துவிடலாம் என்று பார்க்கிறேன். பையன் நிம்மதியாய்ப் படிப்பான். நீங்கள் ஆபீசு உத்தியோகஸ்தர், நிரப்பிக் கொடுங்கள்" என்றார். யாம் மூக்குக் கண்ணாடி பழுதுபட்டிருக்கின்றது என்று ஒரு பொய்யைச் சொல்லிப் படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டோம்.

யாம் இரயில்வேயில் பயணச்சீட்டு எழுதும் குமாஸ்தா. நம் மலைக்கு இரயில் இல்லை. ஆதலின் வாரத்தில் ஆறுநாள் கீழே தேனியிலும் ஒருநாள் மேலே குமுளியிலுமாக எம் வாழ்வு கழிகின்றது. முன்பதிவுப் படிவத்தில் பெயர் உண்டு, வயது உண்டு, ஊர் உண்டு; நீ எவ்வினத்தான் என்று கேட்கும் கட்டம் இல்லை. அதனால் இப்பொருளைப் பற்றி எண்ண வேண்டிய தேவை அதுவரை எமக்கு நேர்ந்ததில்லை. பத்தாம் வகுப்பிற்கு மேல் பள்ளி காணாத யாம், பையனுக்கு ஒரு விடை வேண்டுமே என்று நூலகத்தில் அமர்ந்து படிக்கத் தொடங்கினோம். இரா. பி. சேதுப்பிள்ளை அவர்கள் 1946ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஊரும் பேரும்' என்னும் நூலிலிருந்து தொடங்கிய படிப்பு எங்கெங்கோ எம்மை இழுத்துச் சென்றது. கண்டவற்றுள் சில ஈண்டு எழுதுகின்றோம்.

முதலாவது, பழந்தமிழர் தம்மை எப்பெயரால் குறித்துக்கொண்டனர் என்பதைக் காண்போம். மதுரையைச் சூழ்ந்த குன்றுகளின் குகைகளில், கிறித்து பிறப்பதற்கு இரண்டு ஒரு நூற்றாண்டு முன்னர்த் துறவியர்க்குப் படுக்கை வெட்டித் தந்தவர்கள் தம் பெயரைத் தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறித்திருக்கின்றனர். அழகர்மலையில் ஒருவர் மதுரைப் பொன்கொல்லர். ஒருவர் உப்பு வணிகர். மற்றொருவர் பணித வணிகர், அஃதாவது வெல்லம் விற்பவர். மாங்குளத்தில் வெள்ளறை என்னும் ஊரின் வணிகக் குழுவினர் தம்மை ஊர்ப்பெயரோடு நிகமத்தோர் என்று எழுதிக்கொண்டனர். திருப்பரங்குன்றத்தில் எருக்காட்டூர் வாழ் ஈழக் குடும்பிகன் ஒருவன் காணப்படுகின்றான். ஈழத்தினின்றும் வந்து இங்குக் குடியேறியவன் என்பர். ஊர், தொழில், பெயர், இவ்வளவே. நான் பாண்டியன் குடி, நான் இன்ன இனம் என்று அவர்களுள் எவரும் எழுதிக்கொள்ளவில்லை. உடன் வாழ்வோர்க்கு ஊர்ப்பெயரே போதுமானதாக இருந்தது.

அவ்வழக்கம் இன்றும் நம் காலனியில் மாறவில்லை. கம்பத்தார் வீடு, சின்னமனூரார் வீடு, தேவாரத்தார் வீடு என்றுதானே நாமும் சொல்கின்றோம்? 'ஆர்' என்னும் விகுதி மதிப்பைத் தருகின்றது. அதே ஊரோடு 'காரன்' சேர்ந்தால் மதிப்புச் சற்றுக் குறைகின்றது. ஆங்கிலத்திலும் ஊர்வாசியைக் குறிக்கும் விகுதிகள் பல உண்டு. ஆனால் மரியாதை காட்டும் விகுதி அவற்றுள் ஒன்றும் எமக்குத் தென்படவில்லை.

நம் அடிவாரத்திற்கு உரிய சான்று ஒன்றும் உண்டு. ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக் கழகத்தார் கண்டெடுத்த நடுகற்களுள் ஒன்று, கூடலூரில் நிகழ்ந்த ஆநிரைப் பூசலில் உயிர் நீத்த அந்தவன் என்னும் வீரனைக் குறிப்பது. இரண்டாயிரம் ஆண்டிற்கு முந்தியது. அக்கூடலூர், குமுளிச் சாலை மலையேறத் தொடங்குமுன் நாம் தேநீர் பருகும் அதே கூடலூர்தான் என்று கருதும் அறிஞர் உளர்.

இனி, வெளியார் நோக்கு. வெளியாருக்கு ஊர்கள் தெரியா; அரசர்களே தெரிவர். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகர் தம் பாறைக் கட்டளைகளில் தென்னாட்டாரைச் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் என்று பிரித்துக் குறித்தார். இவருள் சத்தியபுத்திரர் யாவர் என்பது நெடுங்காலம் விளங்காமலே இருந்தது. ஆளுக்கொரு நாட்டைச் சொல்லி வாதிட்டனர். 1981ஆம் ஆண்டில் திருக்கோவலூரை அடுத்த ஜம்பை என்னும் சிற்றூரில் ஒரு பாறைப் பொறிப்புக் கிடைத்தது. அதில் அதியமான் நெடுமான் அஞ்சி என்னும் பெயருக்கு முன் அவ்வடமொழிப் பட்டமும் தமிழ் எழுத்திலேயே காணப்பட்டது. ஒளவைக்கு நெல்லிக்கனி ஈந்ததாக நாம் பள்ளியில் படித்த அதியமானின் குடியே சத்தியபுத்திரர்! அதியன் மகன் அதியமான். சேரன் மகன் சேரமான். அந்த 'மகன்' வடக்கே சென்று 'புத்திரன்' ஆயினான். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஒரு குடியின் பெயர் பிறர் வாயில் உருமாறிக் கிடந்து, ஒரு சிற்றூர்ப் பாறையால் மீண்டது.

இக்கேரளபுத்திரரே கிரேக்கர் ஏட்டில் 'கேரோபோத்ரோஸ்' ஆயினர். உரோமானியரான பிளினி 'காயலோபோத்ராஸ்' என்று எழுதினார். எம் பயணச்சீட்டு அலுவலகத்தில் பெயர்கள் படும் பாட்டை நாள்தோறும் காணும் எமக்கு இது வியப்பாக இல்லை.

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவன் செங்கடல் முதல் நம் கரைகள் வரையுள்ள துறைமுகங்களைக் குறித்து ஒரு வழிநூல் எழுதினான்; அவன் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அந்நூல் நம் மேற்குக் கரை நாட்டிற்கு இட்ட பெயர் 'லிமுரிகே' என்பது. தாலமி என்னும் நிலநூலாரும் பின்னர் அப்பெயரையே எழுதினார். லிமுரிகே என்றொரு சொல் நம் மொழி எதிலும் இல்லை. பின் எங்கிருந்து வந்தது? கால்டுவெல் ஐயர் இதற்கு ஒரு விளக்கம் கூறினார். கிரேக்க நெடுங்கணக்கில் 'த' ஒலிக்குரிய பெரிய எழுத்து ஒரு முக்கோணம்; 'ல' ஒலிக்குரியதோ அதே முக்கோணத்தில் அடிக்கோடு மட்டும் இல்லாதது. ஏடு பெயர்த்தெழுதிய எவனோ ஒருவன் அடிக்கோட்டை விட்டுவிட்டான். 'தமிரிகே' என்பது 'லமிரிகே' ஆகி, 'லிமுரிகே' என்று நிலைத்தது. உரோமானியரின் பழைய வழிப்படம் ஒன்றின் படி வியன்னா நகரில் இருக்கின்றது. அதில் அடிக்கோடு விடுபடாமல் 'தமிரிகே' என்றே இருப்பது அவர் கருத்துக்குத் துணை. ஒவ்வாதாரும் உண்டு, ஆயினும் பெரும்பாலோர் ஒப்புவர். தமிரிகே என்றால் தமிழர் வாழ் நிலம். கணக்கேட்டில் ஒரு கோடு விடுபட்டதற்காக மேலதிகாரியிடம் வசை வாங்கிய யாம், ஒரு கோட்டால் ஒரு நாட்டின் பெயரே மறைந்த இக்கதையை மறத்தல் அரிது.

அவ்வழிநூலில் நமக்கு இன்னும் முதன்மையான செய்தி ஒன்று உண்டு. முசிறித் துறை கேரோபோத்ரோஸ் நாட்டைச் சேர்ந்தது என்று கூறிய அம்மாலுமி, அதற்குத் தெற்கே அதே மேற்குக் கரையில் உள்ள நெல்குந்தா என்னும் துறை வேறோர் அரசனுடையது என்கின்றான். அவ்வரசன் பெயர் 'பாண்டியோன்'. பிளினியும் இதற்கு உடன்பாடாகவே எழுதி, பாண்டியன் கடற்கரையினின்றும் நெடுந்தொலைவில் மதுரை என்னும் நகரில் வாழ்கின்றான் என்கின்றார். மிளகு ஏற்றிய அத்துறை கோட்டயத்திற்கு அண்மையில் இருந்தது என்பாரும், அதற்குத் தெற்கே என்பாரும் உளர். இடம் எதுவாயினும், மலைக்கு மேற்கே பாண்டியன் ஆணை நடந்தது என்பது அயல்நாட்டார் வாக்கால் தெளிவாகின்றது. அன்று அத்துறையில் மிளகு மூட்டை சுமந்தவனை 'நீ யார்' என்று கிரேக்கன் கேட்டிருந்தால் பாண்டியோன் குடி என்றே எழுதிக்கொண்டிருப்பான். அது வசவாக அல்ல. சரக்குக் கணக்கில் ஒரு குறிப்பாக.

நம் தேக்கடி ஏரியை நோக்குங்கள். பேரியாற்றின் நீர் மேற்கே ஓடிச் சேரும் கரையில்தான் பழைய முசிறி இருந்தது. கொடுங்கல்லூருக்கு அருகே பட்டணம் என்னும் ஊரில் 2007 முதல் நடந்த அகழ்வில் மேலைநாட்டு மதுச்சாடிகளின் துண்டுகள் ஏராளமாய்க் கிடைத்தன. 1895இல் அணை கட்டி முடிந்தபின் அதே நீரில் ஒரு பங்கு மலையைக் குடைந்த வழியே கிழக்கே பாய்ந்து வைகையில் கலந்து, தாலமி 'மோதுரா' என்று எழுதிய மதுரையின் வயல்களுக்குச் செல்கின்றது. கிரேக்கர் ஏட்டின் இரு நகரங்களுக்கும் இன்று நீர் பிரியும் இடம் நம் ஊர்.

இனி 'மலபார்' என்னும் சொல்லின் கதையைக் கூறுவோம். இதனை யாம் படித்தபோது ஓரிடத்தில் வாய்விட்டே சிரித்தோம். 'மலை' என்னும் நம் சொல்லோடு, நாட்டையோ கரையையோ குறிக்கும் பாரசீக விகுதி ஒன்று சேர்ந்து அராபிய வணிகர் நாவில் மலிபார், மலபார் என்று ஆயிற்று. மலைநாடு என்பதே பொருள். முதலில் மேற்குக் கரைக்கு மட்டும் உரியது. போர்த்துகீசியர் கோழிக்கோட்டில் இறங்கி இச்சொல்லைக் கற்றனர்; பின்னர்ப் பாண்டிக் கரைக்கும் சோழக் கரைக்கும் சென்றபோது அங்குள்ளோர் பேச்சும் ஏறக்குறைய அவ்வாறே காதில் விழ, அவர்களையும் மலபாரிகள் என்றனர். 1578 அக்டோபரில் கொல்லத்தில், நம் எழுத்தையே அச்சில் வார்த்து, 'தம்பிரான் வணக்கம்' என்னும் பதினாறு பக்கத் தமிழ்நூல் அச்சிடப்பட்டது. இன்றைய கேரள மண்ணில் அச்சான அந்நூலின் போர்த்துகீசியத் தலைப்பு, மொழியின் பெயரை 'மலவார் தமுல்' என்று இரண்டும் சேர்த்தே குறிக்கின்றது.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயர், தாம் திரட்டிய தமிழ் நூல்களுக்கு 1708இல் எழுதிய பட்டியலில் 'மலபாரிக' என்னும் பெயரை இட்டார்; 1716இல் அச்சேறிய தம் இலக்கண நூலுக்கோ 'தாமூலிக' என்று பெயர் வைத்தார். எட்டாண்டு நம் மக்களோடு பழகியதில் மக்கள் சொல்லும் பெயரே முன்னே வந்தது போலும் என்று எமக்குத் தோன்றுகின்றது. ஆனால் அலுவலக வழக்கு அவ்வளவு எளிதில் மாறவில்லை. 1779இல் சென்னை வேப்பேரியில் பப்ரீசியஸ் ஐயர் பதிப்பித்த தமிழ் அகராதியின் தலைப்பே 'மலபார்-ஆங்கில அகராதி' என்பது. கும்பினியார் சென்னையில் தமிழரை 'மலபார்' என்றும் தெலுங்கரை 'ஜெந்து' என்றும் எழுதினர். பின்னதன் மூலம் போர்த்துகீசியச் சொல். அஞ்ஞானி என்பது அதன் பொருள். தெலுங்குப் பெருமக்கள் அதனை எவ்வாறு பொறுத்தனரோ!

ஆக, இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆங்கிலக் குமாஸ்தா நம் எதிர்வீட்டுப் பையனையும், அவனைப் 'பாண்டி' என்று ஏசிய தோழனையும் பதிவு செய்திருந்தால், இருவர் பெயருக்கும் நேரே 'மலபார்' என்னும் ஒரே சொல்லையே எழுதியிருப்பான். இன்று குமுளிக் கடைத்தெருவில் மலபார் என்றால் கோழிக்கோடு, கண்ணூர்ப் பக்கம். நம்மை அப்பெயரால் அழைத்தால் நாமும் திரும்பிப் பார்க்க மாட்டோம்.

ஆயினும் ஈழத்தில் இச்சொல் சட்டத்தில் ஏறிவிட்டது. யாழ்ப்பாணத்துத் தமிழர்களின் வழக்கங்களைத் 'தேசவழமை' என்னும் பெயரில் 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்தனர். ஆங்கிலேயர் 1806இல் அதனை ஏற்று விதி செய்தபோது, 'யாழ்ப்பாண மாகாணத்து மலபார் வாசிகளின் வழக்கங்கள்' என்று எழுதினர். அதன் பயனாக, மனைவியின் சீதனச் சொத்து யாருக்கு என்னும் வழக்கில், கட்சிக்காரர் 'மலபார் வாசி'யா அல்லரா என்று நீதிமன்றம் ஆராய வேண்டியதாயிற்று. வீட்டிலும் வீதியிலும் எவரும் தம்மை அப்பெயரால் சொல்லிக்கொள்வதில்லை. சொத்து மட்டும் அப்பெயரைப் பொறுத்து நிற்கின்றது. பிறர் தவறாக இட்ட பெயர் காற்றோடு போய்விடும் என்று எண்ணுதல் பிழை. பதிவேட்டில் ஏறினால் அது பிள்ளை பேரன் காலம்வரை நிற்கும்.

அந்நாட்டிலேயே இதனினும் கொடியது ஒன்று நிகழ்ந்தது. 1911ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் தமிழரை 'இலங்கைத் தமிழர்', 'இந்தியத் தமிழர்' என்று இரண்டாகப் பிரித்து எழுதினர். எழுதிய அன்று அஃது ஒரு கட்டம் மட்டுமே. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, மலையகத் தோட்டங்களில் மூன்று தலைமுறை தேயிலை பறித்த 'இந்தியத் தமிழர்' நாடற்றவராயினர். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோ அம்மையாரும் செய்த உடன்பாட்டில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசுவது என்று முடிவாயிற்று. அவ்வாறு வந்தவர்களுள் சில குடும்பங்கள் நமக்கு அண்மையில், வண்டிப்பெரியாறுக்கு அப்பால் கவி என்னும் காட்டு ஏலத்தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. அங்கே இருந்தபோது அவர்கள் இந்தியர். இங்கே வந்தபின் சிலோன்காரர். கவியிலிருந்து குமுளிச் சந்தைக்கு வரும் ஒரு முதியவரை யாம் அறிவோம். ஊர் எது ஐயா என்று ஒருமுறை கேட்டோம். "எதைச் சொல்றது தம்பி?" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

கடல் கடந்த இடங்களில் நமக்கு வேறு பெயர்கள். மலேயாவில் 'கெலிங்' என்பர். கலிங்க நாட்டுப் பெயரின் திரிபு. கலிங்கம் எங்கே, தமிழகம் எங்கே! பினாங்கில் தமிழ் முசுலிம்கள் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் மதிப்போடு விளங்குகின்றது. அதே சொல்லை ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னால் அங்கே இழிசொல். வட இந்தியாவில் தென்னாட்டார் அனைவரும் 'மதராசி'. தெலுங்கர் நம் மொழியை அரவம் என்றனர்; கன்னடர் திகுளர் என்றனர்; சிங்களவர் தெமளர் என்பர். இவற்றுள் தெமளர் என்பது மட்டும் தமிழ் என்னும் நம் சொல்லினின்றே பிறந்தது.

நாம் மட்டும் பிறர் பெயரைச் செம்மையாகச் சொன்னோமோ என்றால், அதுவும் இல்லை. கிரேக்கர் தம்மை எல்லேனர் என்றே சொல்லிக்கொள்வர். 'கிரேக்கர்' என்பது உரோமானியர் இட்ட பெயர். நாமோ சின்ன ஆசியாவின் ஓரத்தில் உள்ள அயோனியா என்னும் ஒரு பகுதியின் பெயரை வடவர் வழியாகக் கேட்டு, எல்லாரையும் யவனர் என்றோம். உரோமானியரும் யவனர், பின் வந்த அராபியரும் யவனர், அதுவே 'சோனகர்' என்று திரிந்து இறுதியில் நம் மொழியே பேசும் முசுலிம் மக்களுக்குப் பெயராயிற்று. அம்மக்களையே போர்த்துகீசியர் இலங்கையில் 'மூர்' என்றனர். அஃது ஆப்பிரிக்காவின் வடமேற்கில் வாழ்ந்த மௌரி என்னும் பழங்குடியின் பெயர். அயோனியாவையும் காணாது, மௌரித்தானியாவையும் காணாது, காயல்பட்டினத்திலும் பேருவளையிலும் பிறந்து வளர்ந்த ஒரு மனிதனுக்கு இவ்விரு பெயர்! பிராங்குகள் நம்மிடம் பரங்கியர் ஆயினர். துருக்கர் துலுக்கர் ஆயினர். வடக்கே இருந்தவர் எவராயினும் வடுகர். பெயரிடுவோன் தான் நிற்கும் இடத்திலிருந்தே பார்க்கின்றான்.

குமுளியைப் பொறுத்தமட்டில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நாமும் மலையாளிகளும் யார் பழைய குடி என்று வாதிடும் இந்நிலத்தில், நம் இருவருக்கும் முன்னரே மன்னான் மக்களும் பளியரும் வாழ்ந்தனர். காட்டினின்றும் பெயர்த்து ஊரோரத்தில் குடியமர்த்தப்பட்ட அவர்களை இரு சாராரும் 'ஆதிவாசி' என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றோம். அவர் தம்மை எப்பெயரால் அழைக்கின்றனர் என்று நாம் கேட்டதுண்டா? யாம் இதுவரை கேட்டதில்லை.

ஒரு மக்களின் பெயர் வசவாக மாறுவதும் உலகெங்கும் உள்ளதே. வாண்டலர் என்னும் சாதியார் கி.பி. 455இல் உரோம் நகரைக் கொள்ளையிட்டனர். கொள்ளையிட்டவர் அவர் மட்டும் அல்லர். ஆயினும் 1794இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர், கலைப்பொருள்களை அழிக்கும் செயலுக்கு அவர் பெயரையே சூட்டினார். இன்று இரயில் பெட்டியின் இருக்கையைக் கிழிப்பவனைப் பற்றி எம் அலுவலகச் சுற்றறிக்கையிலும் அச்சொல் வருகின்றது. விவிலியத்துப் பிலிஸ்தியர் கடற்கரையில் நகரங்கள் அமைத்து வாழ்ந்தவர். ஆங்கிலத்தில் பிலிஸ்தியன் என்றால் கலையுணர்வு அற்றவன். இத்தாலியில் சைபாரிஸ் என்றொரு கிரேக்க நகர் இருந்தது, கி.மு. 510இல் பகைவரால் அழிந்தது. அந்நகரத்தான் என்பதற்கு இன்று பொருள் சுகவாசி. இதற்கு மாறாக, சுருங்கப் பேசுதலுக்கு ஸ்பார்த்தா நாட்டாரின் நிலப்பெயர் புகழோடு வழங்குகின்றது. இச்சொற்களை நாள்தோறும் வழங்குவோருள் எத்துணைப் பேர் அம்மக்களை நினைக்கின்றனர்?

'பாண்டி' என்னும் சொல்லின் நிலை இவ்வாறு இறந்துபட்ட பெயர்களின் நிலை அன்று. மலையாளத்தில் அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாழ்வு உண்டு. சாலையை அடைத்துக்கொண்டு வரும் தமிழ்நாட்டுச் சரக்கு வண்டியைப் 'பாண்டி லோறி' என்று எரிச்சலோடு சொல்வர். அஃது ஒரு வாழ்வு. திருச்சூர்ப் பூரத்தில் வடக்குநாதர் கோயிலுள் இலஞ்சி மரத்தடியில் நூற்றுக்கணக்கான செண்டைகளோடு முழங்கும் மேளத்தைக் கேட்கப் பல்லாயிரவர் கைகளை உயர்த்தி நிற்பர். அம்மேளத்தின் பெயர் 'பாண்டி மேளம்'. அஃது இன்னொரு வாழ்வு. ஐயப்பன் வளர்ந்த அரண்மனை என்று போற்றப்படும் பந்தளத்து அரச குடும்பம், தம் முன்னோர் மதுரைப் பாண்டியரே என்று கூறும். நம் மலைகளின் பெரும்பகுதியை ஒருகாலத்தில் ஆண்ட பூஞ்ஞாறு அரச குடும்பமும் தம் வழியை மதுரைப் பாண்டியரிடமிருந்தே தொடங்கும். கார்த்திகையும் மார்கழியும் இலட்சக்கணக்கான மாலை அணிந்தோர் குமுளி வழியே அப்பந்தளத்து இளவரசரைக் காணச் செல்கின்றனர். கடைத்தெரு அவர்களால் வாழ்கின்றது. பாண்டியர் குடியில் வளர்ந்தவன் சபரிமலையில் சாமி; பாண்டி நாட்டிலிருந்து வந்தவன் மகன் பள்ளியில் 'பாண்டி'.

இதனைப் பையனிடம் யாம் சொன்னபோது முதலில் சிரித்தான். பின், "அப்படியென்றால் அவன் என்னை அடுத்த தடவை பாண்டி என்று கூப்பிட்டால் ஆமாம் என்று சொல்லவா, மாமா?" என்றான். நெல்குந்தாவும் பிளினியும் கற்ற எமக்கு இவ்வினாவுக்கு உடனே விடை தோன்றவில்லை. ஏசுகின்றவன் நெல்குந்தாவை எண்ணி ஏசுவதில்லை. பழம்பெருமை சொன்னால் கூவும் வாய் மூடிவிடும் என்று யாம் அவனுக்கு வாக்களித்தல் இயலாது. "அல்லேன் என்று மட்டும் சொல்லாதே, உனக்கு வேண்டுமானால் சும்மா இரு" என்றோம். அவன் அதை அவ்வளவாக விரும்பினான் என்று சொல்ல முடியாது.

அவன் தந்தையாரிடம் பேசியது வேறு. 1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழி அமைந்தபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகியனவும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலம் சேர, தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் நின்றன. நாமும் கேரளத்தார் ஆனோம். கேரள அரசு 1969இல் இயற்றிய ஆட்சிமொழிச் சட்டம், தமிழரும் கன்னடரும் தம் மொழியிலேயே அரசுக்கு எழுதலாம் என்று இடந்தந்துள்ளது. பள்ளியில் தமிழ்ப் பிரிவு நிலைபெறுவதும் ஆசிரியர் வருவதும் எத்துணைப் பிள்ளைகள் என்னும் கணக்கைப் பொறுத்தன. ஏசுவது கடைத்தெருவில் வழங்கும் பெயர். மாற்றப்போவது பதிவேட்டில் உள்ள பெயர். இவர் மாற்றினால் அடுத்த வீட்டாரும் மாற்றுவர். மலையாளம் நன்கு கற்பதற்குத் தாய்மொழிக் கட்டத்தில் பொய் எழுத வேண்டுவதில்லை. எம் பிள்ளைகள் இருவரும் மலையாளத்தில் எம்மினும் வல்லவர். இவற்றை எல்லாம் கூறினோம். அவர் மறுத்துப் பேசவில்லை. "அடிபட்டு வருகிறவன் என் மகன் அண்ணே" என்று மட்டும் சொன்னார்.

அப்படிவம் இன்னும் எம் அலமாரியில் இரயில்வே நாட்குறிப்பேட்டினுள் இருக்கின்றது. மூக்குக் கண்ணாடி எப்போது வரும் என்று அவர் கேட்பதை நிறுத்தி இரண்டு திங்கள் ஆகின்றன. ஆண்டு விழாவன்று இம்மலரோடு சேர்த்து அதனை அவரிடம் திருப்பித் தருவோம். படித்துப் பார்த்தபின்னும் நிரப்புக என்று அவர் சொல்வாராயின், அவர் சொல்லும் சொல்லை எம் கையாலேயே நிரப்பிக் கொடுப்போம்.